சணல் சுற்றாத மரை

9-6-1966

கடை திறக்க இன்றும் எட்டரை. வீட்டுக்காரரைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, படுக்கை மாற்றுவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. பக்கவாதம் வந்து ஏழு மாதம். பேச்சு இல்லை. இவர் நடத்திய பம்புசெட் சாமான் கடை இப்போது என் தலையில்.

கல்குவாரி டிராக்டர் ஓட்டும் பாவாடை வாசலில் காத்திருந்தான். டிரெய்லர் தொட்டியை எண்ணெய் அழுத்தத்தில் தூக்கிக் கல்லைக் கொட்டுவார்களே, அந்த எண்ணெய் போகும் ஹோஸின் முனை உடைந்துவிட்டதாம். அந்த மாதிரி முனை மெட்ராஸில்தான் கிடைக்கும்.

"அதுவரிக்கும் வண்டிய நிறுத்த முடியாதும்மா. ஏதாவது போட்டுக் குடுங்க."

பம்புக் குழாய்களை இணைக்கும் நிப்பிளை வைத்துப் பார்த்தேன். இரண்டு சுற்று ஏறி இறுகியது. ஒழுகாமலிருக்க அதன் மரையில், திருகு வரிகளில், சணல் சுற்றி, வெள்ளை பெயிண்ட் தடவி மாட்டிக் கொடுத்தேன். செஞ்சியில் என்னைப் போல் சணல் சுற்ற ஆள் கிடையாது. அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

10-6

உடைந்த முனை மேஜையிலேயே கிடக்கிறது. அதன் மரையில் சணல் ஒட்டிய சுவடே இல்லை. ஏன்?

11-6

உடைந்ததையும் ஒரு நிப்பிளையும் இவர் இடது கையில் கொடுத்தேன். மரைகளை நகத்தால் வருடினார். பழையதன் வாயை என் கட்டைவிரல் நுனியில் வைத்து அழுத்தினார். உள்ளே சரிவு. அப்போதுதான் புரிந்தது - இதில் மரை இழுத்துப் பிடிக்க மட்டும். எண்ணெயை அடைப்பது அந்தச் சரிவு, இரும்பில் இரும்பு உட்கார்ந்து. நிப்பிளில் மரையே அடைக்க வேண்டும், அதற்குத்தான் சணல். நிப்பிளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். அவ்வளவு கோபம்.

கிணற்றுத் தண்ணீருக்கு நிப்பிள் போதும். ஒரு லோடு கல்லைத் தூக்கும் எண்ணெய்க்கு? அதுவும் வேற மரையில் ரெண்டே சுற்று. என்ன காரியம் பண்ணிட்டேன் நான்.

12-6

ஆள் அனுப்பி பாவாடையை வரவழைத்தேன்.

"ஒரு சொட்டு ஒழுகலம்மா. நல்லாத்தான் இருக்குது."

"ஒழுகாதுப்பா. கழண்டுக்கும். தப்பு என்னோடது. சரியானது வர்ற வரைக்கும் வண்டிய நிறுத்திடு."

"நிறுத்தினா மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவாரு. மூணு புள்ளைங்கம்மா எனக்கு."

தொட்டி தூக்கி நிற்கும்போது அடியில் நுழைந்து, சட்டத்தில் சிக்கின கல்லை எடுக்கிறவன் அவன். கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் வேலங்கட்டையைத் தூக்கிவந்து அவன் தோளில் வைத்தேன். இதைத் தொட்டிக்கு முட்டாக நிறுத்தாமல் அடியில் போகாதே என்றேன். சிரித்தான்.

"உங்க கதவுக்கு?"

"அத நான் பாத்துக்கறேன்."

13-6

உடைந்த முனையையே மாதிரிக்கு பஸ் கண்டக்டரிடம் கொடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினேன். வீட்டில் இவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கஞ்சியைத் துப்பிவிட்டார்.

16-6

டிராக்டர் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். கால் வீங்கிவிட்டது.

18-6

அமாவாசை. பஸ் எல்லாம் மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டன. பார்சல் வரவில்லை.

20-6

மத்தியானம் பாவாடை வந்தான். சட்டையெல்லாம் எண்ணெய். கட்டையை மேஜைமேல் வைத்தான். நீளவாக்கில் பிளந்திருந்தது.

"தொட்டிக்கு அடியிலதாம்மா இருந்தேன். பட்டுனு ஒரு சத்தம். எண்ணெ பீச்சுது, தொட்டி எறங்கிடுச்சி. கட்ட தாங்கிச்சி. தவழ்ந்து வெளிய வந்தேன், அப்புறந்தான் பிளந்துச்சி."

திட்டுவான் என்று நின்றேன். தண்ணீர் கேட்டான். சொம்போடு கொடுத்தேன். அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

22-6

பார்சல் வந்தது. நானே மாட்டினேன். பழக்கத்தில் கை சணல் டப்பாவுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். வெறும் இரும்பு, சரிவில் சரிவு உட்கார்ந்தது. இவர் இன்று கஞ்சி குடித்தார்.

"இனிமே கழலாது பாவாடை, சரியானதுதான்" என்றேன்.

தலையாட்டினான். போகாமல் நின்றான்.

"இருக்கட்டும்மா. அந்த மாதிரி கட்ட இன்னொண்ணு இருக்குதா?"

நாளை மரவாடியில் இரண்டு வாங்க வேண்டும். கொல்லைக் கதவும் பத்து நாளாகச் சும்மாதான் சாத்திக் கிடக்கிறது.