ஒரு மாத ஓய்வு

இன்று ஏலப்பாறை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மேல் வலித்தைலம் நாறியது. எனக்கு உன் முதுகு நினைவுக்கு வந்தது. இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தேன்.

தேயிலை எஸ்டேட் கிளப்பில் கிரிக்கெட் ஆடும்போது உன்னைப் பந்து போட மட்டும்தான் கூப்பிடுவார்கள். துரைமார் மட்டை பிடிப்பார்கள். பிட்சில் விரித்த கயிற்றுப் பாயில் வெறுங்காலோடு ஓடிவந்து நீ வீசுவாய். ஆட்டம் முடிந்ததும் அவர்களுக்குக் கிளப்புக்குள் தேநீர், உனக்குப் பின்வாசலில். ஒருநாள் உதவி மேனேஜரின் ஸ்டம்பைப் பறக்கவிட்டாய். "துரை பந்தைப் பாத்திருக்க மாட்டாரு மாப்ள, சத்தம்தான் கேட்டிருக்கும்" என்று நம் தொழிலாளர் லயம் வரை சிரித்துக்கொண்டே வந்தாய்.

அந்த வேகத்துக்காகத்தான் கொச்சியில் ஒரு கம்பெனி உன்னை எடுத்தது. பெயருக்கு ஸ்டோரில் வேலை. உண்மையில் லீக் ஆட்டங்களில் பந்து வீச வேண்டும். சீசன் முழுக்க ஆடினால் வேலை நிரந்தரம், குவார்ட்டர்ஸும் உண்டு. உன் அம்மாவுக்கு எஸ்டேட் வேலை முடிகிற நாளில் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும். அவள் போக வேறு இடம் இல்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரம் உன்னால் குனிய முடியவில்லை. கல்லூரிக்காகக் கொச்சிக்கு வந்து உன் அறையில் தங்கியிருந்த நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு மாதம் பந்தைத் தொடாதே என்றார். கம்பெனிக்குச் சீட்டும் எழுதித் தந்தார்.

"என்ன மாப்ள செய்ய?" என்றாய்.

"சீட்டைக் குடுத்தா வேற ஆளைப் போட்டுருவான். ஒரு மேட்ச்தானடா, பல்லைக் கடிச்சுக்க."

சீட்டை நானே கிழித்தேன். தைலம் தேய்த்துவிட்டதும் நான்தான்.

அன்று ஐந்து விக்கெட் எடுத்தாய். கடைசி ஓவரில் விழுந்த உன்னை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். இனி உன்னால் வீச முடியாது என்று தெரிந்ததும் கம்பெனி கோப்பையை வைத்துக்கொண்டு உன்னை மலைக்கு அனுப்பியது. எஸ்டேட்டில் அந்த முதுகிலேயே பூச்சிமருந்து டாங்கியை மாட்டினார்கள். மறுத்தால் வேலை கிடையாது. போன மழையில் அந்தப் பாரத்தோடுதான் சரிவில் உருண்டாய். துக்கத்துக்கு வந்த மேனேஜர், நல்ல வேகம் அவனுக்கு என்றார். அடிக்கத் தோன்றியது. அடிக்க எனக்கு என்ன யோக்கியதை?

கருமாதி அன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கூடத்தான இருந்த ராசா. இப்படி ஆகும்னு டாக்டரு ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லம்மா" என்றேன்.

நம்பிவிட்டாள். அடுத்த ஆண்டு அவளுக்கு வேலை முடிகிறது. எங்கே போவாள் என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை. நான் போகும்போதெல்லாம் உன் தட்டைக் கழுவி அதில் எனக்குச் சோறு போடுகிறாள். நானும் சாப்பிடுகிறேன்.