வாழைத்தோட்டத்து வெளிச்சம்

ஐப்பசி 9, வியாழன்.

கல்யாணமாகி வந்த வருடம், எங்கள் வாழைத்தோட்டத்தில் வட்டமாய் ஒரு வெளிச்சம் வானத்திலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். நாத்தனார் செல்லம்மா பந்தியில் எல்லோர் முன்னாலும் என்னைப் பொய்க்காரி என்றாள். நான் மறக்கவில்லை.

இன்று பொழுது சாயும்போது அவளே மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மதினி, தோட்டத்துல என்னமோ எறங்கிருக்கு! செவப்பா கண்ணைச் சிமிட்டுது. வேத்துக் கெரகத்து ஆளுவதான். அன்னைக்கு நீங்க சொன்னது நெசந்தான்!"

"எம்மருமக காதுல விழுத மாதிரி இன்னொருக்கா சொல்லு."

சொன்னாள்.

"ஏட்டி, அது காட்டுப்பன்னிய வெரட்ட எம்மவன் கட்டுன லைட்டு."

அவள் முகம் சுண்டிப்போனது. "அப்ப நீங்க பாத்ததும் லைட்டாத்தான் இருக்கும்."

"அப்பம் நம்ம ஊருக்குக் கரண்டே வரலையே!"

காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். மருமகள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அன்று இறங்கியது என்னவென்று எனக்கும் தெரியாது. அதைச் செல்லம்மாவிடம் சொல்லப்போவதில்லை.