ஓமோன் ஊசி போட்ட வருடங்கள்

கார்த்திகை 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். றெஜீனா அரைக் கோப்பை கஞ்சி குடித்தாள். கண்ணில் மஞ்சள் கூடவில்லை.

இன்று: மருந்துக் கடை. செவ்விளநீர் இரண்டு. ஞாயிறு மருத்துவப் பக்கத்துக்கு ஓமோனும் (ஹார்மோன்) ஈரல் புற்றுநோயும் பற்றிய கட்டுரை.

பத்திரிகை ஆசிரியர் அதை வேறொருவரிடம் கொடுக்கப் பார்த்தார். "அண்ணை, வீட்டிலையே உந்தப் புற்றுநோய் வருத்தத்தை வைச்சுக்கொண்டு உங்களுக்கேன் இது?" நானே எழுதுவேன் என்றேன். காரணம் சொல்லவில்லை. இங்கே எழுதலாம். போர்நிறுத்தத்தில் பாதை திறந்த காலத்தில், பிள்ளை வேண்டி, மூன்று வருடம் மனைவி றெஜீனாவுக்கு ஓமோன் ஊசி. கூட்டிக்கொண்டு போனவன் நான்.

கார்த்திகை 5, புதன்

வெயில். பத்து மணிக்கு ஆய்வுகூட மருத்துவர்.

குறிப்பு: ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த மனித ஈரல் புற்றுநோய்க் கலங்கள் (செல்கள்). ஓமோன் சேர்த்தால் சில வேகமாகப் பெருகும், சில அடங்கும். எந்த ஓமோன், எவ்வளவு, அதைப் பிடித்துக்கொள்ளும் வாங்கி கலத்தில் உண்டா, எல்லாவற்றையும் பொறுத்தது. ஆண்களுக்கே இந்நோய் அதிகம். ஓமோன் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசியாகக் கேட்டேன். இருபது வருடத்துக்கு முன் போட்ட ஊசி?

"ஐயா, இது பேப்பருக்கோ, உங்களுக்கோ?"

"எனக்கு."

"அப்ப பேனையை வையுங்கோ. தட்டிலை நடக்கிறது அப்பிடியே உடம்பிலை நடக்கும் எண்டு சொல்லேலாது. ஊசியாலை வந்தது எண்டதுக்கு என்னட்டை ஆதாரம் இல்லை. இல்லவே இல்லை எண்டு சத்தியமும் பண்ணமாட்டன்."

கார்த்திகை 7, வெள்ளி

கட்டுரை அனுப்பியாயிற்று. 'இருக்கலாம்' ஏழு இடத்தில். மூன்றையாவது ஆசிரியர் வெட்டுவார்.

பின்னேரம் றெஜீனாவிடம் கேட்டுவிட்டேன், ஊசிக்குக் கூட்டிப் போனதற்கு என்மேல் கோபமா என்று.

"இதென்ன, பேட்டியோ?" சிரித்தாள். இருமல். பிறகு, "நீங்கள் போதும் எண்டு நிப்பாட்டின பிறகும் நான் போனனான். ஆறு மாதம்."

"எங்கை?"

"அதே கிளினிக்குத்தான். உரும்பிராய் அக்கா வீட்டை போறன் எண்டு சொல்லிப்போட்டு. அக்கா தந்தவ எண்டு கொண்டுவந்த கத்தரிக்காய் எல்லாம் பஸ் ஸ்ராண்டிலை வாங்கினது."

நல்ல கத்தரிக்காய் என்று அக்காவிடமே சொல்லியிருக்கிறேன்.

"ஏனப்பா சொல்லேல்லை?"

"சொன்னா மறிச்சிருப்பியள். எனக்கு ஆசை விடேல்லை."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஊசி போட்டுட்டு பஸ்ஸிலை வரேக்கை, பிள்ளைக்கெண்டு பக்கத்து சீற்றிலை என்ரை பையை வைப்பன். சனம் நிண்டாலும் ஒருத்தரையும் இருக்க விடுறேல்லை."