வேலப்பருக்குச் சிலை வைக்கிறார்கள், மாப்பிள்ளை

என் பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

பள்ளிக்கூடத்தில் வாடா போடா என்று திரிந்தவர்கள்தான் நாம். என் தங்கையை நீங்கள் கட்டிய நாளிலிருந்து நீங்க, வாங்க என்று மாறிப்போனது. நீங்கள் செத்த பிறகும் அந்த மரியாதை என்னை விடவில்லை. ஆனால் இன்று கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நம் ஊர்க் குளக்கரையில் வேலப்பருக்குச் சிலை வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு. தோளில் மண்வெட்டி, பக்கத்தில் காங்கேயம் காளை. மீசை வேறு உங்கள் மீசை மாதிரியே இருக்கிறது.

கோயில் கும்பாபிஷேக மலரில் ஒரு பக்கம் காலியாக நின்றது நினைவிருக்கிறதா? விளம்பரம் தருவதாகச் சொன்ன எண்ணெய் மில்காரர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். சிங்காநல்லூர் அச்சகத்துக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, குளம் வெட்டிய முன்னோர் என்று ஒருவரை உண்டாக்கினோம். வேலப்பர் என்று பெயர் வைத்தது நீங்கள், எழுதியது நான்.

“ஆரு மச்சான் இதையெல்லாம் படிக்கப் போறாங்க?” என்றீர்கள்.

ஊரே படித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவர் பெயரில் பேச்சுப்போட்டி நடக்கிறது. உங்கள் பேரனுக்கே வேலப்பன் என்று பெயர் வைத்தாயிற்று. ஊர்ப் பெருமையைக் கண்டெடுத்தவர் என்று உங்கள் படத்துக்கு மேடையில் மாலை போடப் போகிறார்கள். சிலையைத் திறந்து பேச வேண்டியவன் நான்.

“அண்ணா, எங்க வூட்டுக்காரரைப் பத்தி நாலு வார்த்தை நல்லாச் சொல்லிப்போடுங்க” என்கிறாள் தங்கை. உங்களுக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

இதையும் எப்படியோ விழுங்கியிருப்பேன். போன வாரம் கீழத்தெரு ராமாத்தாள் வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க சாமி, அந்தக் கொளம் எங்க சனம் கஞ்சிக்கு மண்ணு செமந்து வெட்டுனதுன்னு எங்கம்மா சொல்லுமுங்க. இந்த வேலப்பரு எப்பங்க வந்தாரு?”

“பழைய ஏட்டுல இருக்குதம்மா” என்றேன்.

“அப்பச் சரிங்க” என்று போய்விட்டார்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என்னை நம்பிவிட்டார், மாப்பிள்ளை. உண்மையைச் சொன்னால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் அந்தச் சனத்தின் உழைப்பு கல்லுக்கடியில் போய்விடும்.

எல்லாம் நான் ஒருவனே செய்தது என்று சொல்லி உங்களைக் காப்பாற்றிவிடலாமா என்றும் யோசித்தேன். அப்படிச் செய்தால் அது நான் சொல்லும் மூன்றாவது பொய்.

அதனால் நாளைக் காலையில் முதலில் தங்கையிடம் சொல்கிறேன். அடுத்து ராமாத்தாள் வீட்டுக்கு நானே நடந்து போகிறேன். வெள்ளிக்கிழமை மேடையில் நம் இரண்டு பேரையும் சொல்வேன். உங்கள் படத்தை அவர்கள் எடுத்துவிட்டால், என் வீட்டில் கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறேன். இது சத்தியம்.

உங்களைக் காட்டிக்கொடுக்கப் போகும்,
உங்கள் மச்சான்