பூனை வாடை இருக்கட்டும்

அன்பு மகள் ஐரினுக்கு,

அம்மா ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் முட்டிவலி ஒன்றைத் தவிர இங்கே நான் நலம், பிரான்சுக் குளிர் உன்னை வாட்டாமல் இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம், என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

நீ கலந்து அனுப்பிய சென்ட், அங்கே வேலியோரம் பூக்கும் என்றாயே, அந்த எல்டர் பூ சென்ட், வந்து சேர்ந்தது. அந்தப் பூவிலிருந்து மணத்தை அப்படியே எடுக்க முடியாது, வேறு வேறு சரக்குகளைக் கூட்டித்தான் கொண்டுவர வேண்டும் என்று நீ சொன்னது பாதிதான் புரிந்தது. கையில் ஒரு சொட்டு விட்டதும் நம் பக்கத்துப் பன்னீர் திராட்சையை வாயில் போட்ட மாதிரி இருந்தது, பின்னாலேயே தேன். அப்பா போனபிறகு நான் பூ வைப்பதில்லை, இதைப் போட்டுக்கொள்ளவும் கூச்சம்தான், ஆனாலும் ஞாயிறு பூசைக்குப் போட்டுப் போனேன். திரும்பும்போது பேகம்பூரில் அத்தர் விற்கிற ஹுஸ்னாவிடம் கையை நீட்டினேன். அம்புட்டும் நல்லாத்தான்க்கா இருக்கு, கடைசியிலதான் லேசாப் பூனை வாடை அடிக்குது என்றாள்.

நிஜப் பூவிலும் அந்த வாடை உண்டு, வைப்பதா எடுப்பதா, அம்மா சொல்கிறபடி செய்கிறேன் என்று கேட்டிருந்தாய். அப்பாவோடு மார்க்கெட்டில் மல்லிகை விற்ற மூக்கு என்று நம்பிக் கேட்கிறாய். இந்த சென்ட் உன் கம்பெனியில் தேறினால் அங்கே இன்னும் மூன்று வருடம் வேலை, இல்லாவிட்டால் ஊருக்கு வந்துவிடுவேன் என்றும் சொன்னாய். உண்மையைச் சொல்கிறேன் பாப்பா, எடுத்துவிடு என்று எழுதிவிடலாமா என்று இருந்தது. கெட்டுப்போகட்டும், பிள்ளை வந்துவிடும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வீட்டில் டிவிதான் பேசுகிறது. ஒருத்திக்காக உலை வைக்கவே சலிப்பு, காலையில் வைத்த வெஞ்சனம்தான் ராத்திரிக்கும்.

ஆனால் மல்லிகை மூட்டையைப் பிரித்தாலும் அடியில் ஒரு கெட்ட வாடை வரத்தானே செய்யும், அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பூதான். எடுக்காதே. அப்படியே கொடு, ஒரு குறையும் இல்லை.

அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். முதலில் வாய் வரவில்லை, அப்புறம் தேற வேண்டும் என்றுதான் வேண்டினேன், நம்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன் கூடவே இருப்பாள்.

மறக்காமல் இன்னொரு பாட்டில் அனுப்பிவை. மூன்று வருடத்துக்கு இது காணாது.

உன் அம்மா,
ஜெயமேரி
திண்டுக்கல்