மேசைக்காலடி நாணயமும் 'அச்சு' என்ற சொல்லும்

அனுப்புநர்:
இயற்பியல் செய்முறை விரிவுரையாளர்,
மகளிர் கல்லூரி.
(வீடு: தண்ணீர்த் தொட்டித் தெரு, மாடிப் பகுதி)

பெறுநர்:
காப்பாட்சியர் அவர்கள்,
நாணயப் பிரிவு,
நகர அருங்காட்சியகம்.

பொருள்: அரபு எழுத்துள்ள தேய்ந்த செப்பு நாணயம் – 'போலி' என்று பதியப்பட்டது – மீண்டும் பார்த்துப் பதிவேட்டைத் திருத்தக் கோருவது தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகச் சீட்டு, சென்ற மாதம் 24ஆம் தேதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை, பல்செட் செய்யும் லேப் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். அங்கே எல்லோருக்கும் அவர் 'பல்லக்கா'. சென்ற மாதத் தொடக்கத்தில் லேப்புக்கு வெள்ளையடிக்க மேசையை நகர்த்தியபோது, ஆடாமல் இருக்க அதன் காலடியில் யாரோ என்றோ செருகியிருந்த செப்பு வில்லை ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் மங்கலாக அரபு எழுத்துகள்.

2. "அண்ணி, இது பழைய காசு. பாத்தாலே தெரியலையா?" என்றார். பார்த்தாலே தெரிவதை நான் பொதுவாக நம்புவதில்லை. ஏதாவது கடை டோக்கன் வில்லையாக இருக்கும் என்றேன். "உங்களுக்கு எதுதான் எதுவா இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, 'நம் தெருக்களில் கிடைத்தவை' கண்காட்சிக்குத் தங்கள் அலுவலகம் வெளியிட்ட விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தார்.

3. விண்ணப்பத்தின் ஆறாவது வரி: "நாணயத்தை அனுப்ப வேண்டாம். அதன் அச்சு மட்டும் இணைக்கவும்." தாங்கள் கேட்டது அச்சிட்ட நிழற்படம் என்று இப்போது எனக்குப் புரிகிறது. ஆனால் வாயைத் திறக்கச் சொல்லி எடுத்த அச்சுகளோடு பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு 'அச்சு' என்றால் ஒரே பொருள்தான். நாணயத்தை இளஞ்சிவப்பு மெழுகில் அழுத்தி, பிசிறு சீவி, பஞ்சில் பொதிந்து அனுப்பினார். உறையைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான். உள்ளே என்ன என்று நான் பார்க்கவில்லை.

4. தங்கள் உதவியாளர் தந்த பதில்: "எழுத்துகள் இடம் வலமாக மாறியுள்ளன. புடைத்திருக்க வேண்டியவை குழிந்துள்ளன. பொருளும் உலோகமன்று. அரபு அறியாத ஒருவர் செய்த போலி." ஐயா, இதில் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாம் உண்மை. மெழுகைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எழுதியிருக்க முடியாது.

5. அந்தச் சீட்டு முதலில் லேப்புக்குத்தான் போனது. பல் டாக்டர் அதை உரக்கப் படித்துவிட்டு, "என்ன பல்லக்கா, பல்லுதான் போலின்னு நெனச்சேன், காசுமா?" என்று கேட்டிருக்கிறார். மனிதர் நல்லவர், சிரிப்புக்காகத்தான் கேட்டார். ஆனால் என் நாத்தனார் அன்று மாலை அந்த நாணயத்தைப் பழையபடி மேசைக்காலடியில் செருகிவிட்டு வீட்டுக்கு வந்தார். 

6. என் பங்கையும் மறைக்கக் கூடாது. அந்தச் சீட்டை நான் மூன்று நாள் நம்பினேன். "அப்பவே சொன்னேனே" என்றும் சொன்னேன். கண்ணாடியில் தெரியும் பிம்பம் இடம் வலம் மாறும் என்று இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். சீட்டோடு திரும்பி வந்த மெழுகை ஆய்வகக் கண்ணாடியின் முன் பிடித்துப் பார்க்க எனக்கு மூன்று நாள் ஆனது. கண்ணாடியில் எழுத்துகள் அரபுக்கு உரியபடி வலமிருந்து இடமாக, ஒழுங்காக ஓடின.

7. அன்றே நாத்தனாரிடம் போய் நின்றேன். "அச்சு கேட்டாங்க, அச்சு குடுத்தேன். வார்ப்பு கேட்டிருந்தா வார்ப்பு குடுத்திருப்பேன்ல" என்றார். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த மெழுகிலேயே பிளாஸ்டர் ஊற்றி வார்ப்பு எடுத்துத் தந்தார்.

8. வார்ப்பை எங்கள் கல்லூரி அரபுத் துறைப் பேராசிரியை உருப்பெருக்கியில் பார்த்தார். அவரும் என்னைப் போல எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளாதவர். "ஊகிக்கச் சொன்னா நிறைய ஊகிப்பேன், எழுதித் தர மாட்டேன்" என்றார். எழுதித் தந்தது இரண்டுதான். ஒன்று, ஆண்டைக் குறிக்கும் எண்களில் ஒன்று. அரபியில் ஏழு என்பது V போன்ற வடிவம், அதைக் கவிழ்த்தால் எட்டு. ஆனால் பக்கத்தில் உள்ள சொல்லை நேராகப் பிடித்துப் படித்தால் அது ஏழுதான். மற்றொன்று, அந்தச் சொல். நாணயங்களில் ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும் சொல்லாம். ஊர் தேய்ந்துவிட்டது. ஆண்டின் மற்ற எண்களும் போய்விட்டன.

9. இது அரிய நாணயம் என்று நான் சொல்லவில்லை. செம்பு, தேய்ந்தது, ஊர் பேர் தெரியாதது. ஆனால் ஒன்றைப் போலி என்று எழுதவும் ஆதாரம் வேண்டும். ஆகவே கோருவது: பதிவேட்டில் என் நாத்தனாரின் பெயருக்கு எதிரே உள்ள 'போலி' என்ற சொல் நீக்கப்பட வேண்டும். நாணயத்தைத் தாங்களே நேரில் பார்த்து, வரும் 14ஆம் தேதி கண்காட்சிப் பட்டியல் முடிவதற்குள் முடிவு சொல்ல வேண்டும். திருத்திய சீட்டையும் லேப் முகவரிக்கே அனுப்பக் கோருகிறேன். பல் டாக்டர் அதையும் உரக்கப் படிப்பார்.

10. ஆறாவது வரியில் 'நிழற்படம்' என்று மாற்றினால் இனி இந்தக் குழப்பம் வராது. ஆனாலும் 'அச்சு' என்ற சொல்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாணயத்தில் தேயாமல் மிஞ்சிய அந்த ஒரே சொல்லுக்குப் பேராசிரியை எழுதித் தந்த பொருள்: 'அச்சடிக்கப்பட்டது'.

தாங்கள் ஒரு நாளும் நேரமும் குறித்தால், என் நாத்தனார் நாணயத்தைத் தம் கையாலேயே கொண்டுவருவார். அன்றைக்கு மட்டும் மேசைக்காலடியில் செருக, மடித்த அட்டை ஒன்றை நான் ஏற்பாடு செய்துவிட்டேன்.

இணைப்பு:
பிளாஸ்டர் வார்ப்பு – 1
பேராசிரியையின் குறிப்பு – 1
நிழற்படம் – 2
முகம் பார்க்கும் சிறு கண்ணாடி – 1 (மெழுகு அச்சு இனி யாராவது அனுப்பினால் உதவும், திருப்பித் தர வேண்டாம்)

இடம்: இயற்பியல் ஆய்வகம்
நாள்: மார்ச் 3

இப்படிக்கு,
(கையொப்பம்)
மனுதாரர், பல்லக்காவின் அண்ணி