வேனுக்கு வைத்த ஆப்பு

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு நாளாக வேன் அதிர்கிறது. நாற்பதைத் தாண்டி மிதித்தால் தொடங்குகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. இறங்கிய பிறகும் விரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் ஒரு நினைப்பு.

ஞாயிறன்றுதான் மாப்பிள்ளை பின்பக்கம் புது ஸ்பிரிங் பட்டைகள் மாட்டிக் கொடுத்தார். கம்பெனி சாமான் இல்லை. வெளியில் வாங்கியது, கனமானது. பழையவை தொய்ந்துபோய் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடி தட்டும். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவியால் அதைத் தாங்க முடியவில்லை. நல்ல எண்ணத்தில் செய்த மனிதரிடம் எப்படிக் குறை சொல்வது?

மார்ச் 5, வியாழன்

மெக்கானிக் சக்கரங்களை பாலன்ஸ் செய்தார். அதிர்வு போகவில்லை. டயர்களையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்றார். வேண்டாம் என்றேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். தண்ணீரில் உப்பையும் போட்டு அடுப்பையும் கூட்டினால், கொதிப்பதற்கு எது காரணம் என்று எப்படித் தெரியும்? முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் இதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

மகளையும் மாப்பிள்ளையையும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு, அதிர்வைக் காட்டலாம் என்று போனேன். ஒன்றும் இல்லை. அறுபது வரை போனேன் — பூனைபோல் ஓடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள்: "அப்பா, வண்டியில ஒண்ணுமில்ல. போன மாசம் பேங்க்ல கையெழுத்துப் போட்டீங்களே, அப்பவே உங்க கை நடுங்குச்சு. பதினெட்டாம் தேதி அம்மாவை செக்கப்புக்கு நான் ஓட்டிட்டுப் போறேன். சாவியைக் குடுங்க."

மாப்பிள்ளை செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

சாவியைக் கொடுக்கவில்லை. மூன்று மணி நேரப் பயணம். ஆபரேஷனுக்கு இவளைக் கூட்டிப்போனவன் நான். செக்கப்புக்கு மட்டும் நான் ஆகாதா?

மார்ச் 9

கையை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கையை நம்பாமல் அளக்க ஒரு வழி. டாஷ்போர்டில் ஈரத்துணி விரித்து, தம்ளரில் பாதி தண்ணீர் வைத்து, தனியாக ஓட்டினேன். நாற்பத்தைந்தில் தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன வளையம். தண்ணீருக்கு வயசாகிவிட்டதா என்ன?

இவளிடம் சொன்னேன். "தண்ணியைச் சாட்சிக்குக் கூப்பிட்ட முதல் வாத்தியார் நீங்கதான்" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்கு வண்டியில அஞ்சு பேரு. இன்னிக்கு நீங்க ஒருத்தர். அதை யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. சாட்சி என்று நாலு பேரை ஏற்றினேனே, அவர்களுக்கும் எடை உண்டு என்று தோன்றவில்லை.

மார்ச் 11, புதன்

பழைய பாடப்புத்தகக் கட்டுகளை எல்லாம் வேனின் பின்பக்கம் ஏற்றினேன். ("கடைசியில ஒரு பிரயோஜனம்" — இவள்.) வளையம் இல்லை. பாதிக் கட்டுகளை இறக்கினேன். லேசாக வந்தது. எல்லாவற்றையும் இறக்கினேன். பழையபடி.

நேராக மெக்கானிக்கிடம் போனேன். கேட்டதும் கீழே படுத்துப் பார்த்தார். "பட்டை புதுசு சார், பின்பக்கம் தூக்கி நிக்குது. இன்ஜின்லேர்ந்து பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் கோணம் மாறிப்போச்சு. பாரம் ஏறினா தானா சரியாயிடுது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல சாய்வா ஒரு ஆப்பு வைக்கணும்."

மாப்பிள்ளைக்கு போன் செய்தேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். "எனக்கு ஆப்பு வைக்கத்தானா மாமா இவ்வளவு ஆராய்ச்சி?" என்றார். அப்பாடா.

மார்ச் 14, சனி

ஆப்பு வைத்தாயிற்று. தனியாக ஓட்டினேன். நாற்பது, ஐம்பது, அறுபது. தம்ளர் தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, தண்ணீரைக் கீழே ஊற்றலாம் என்று தம்ளரை எடுத்தேன்.

வளையம்.

இடது கைக்கு மாற்றினேன். நின்றது. மறுபடி வலது கைக்கு — வந்தது.

இன்ஜின் ஓடவில்லை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீரைக் குடித்துவிட்டேன்.

மார்ச் 15

மகள் போனில், "என்னப்பா, ஜெயிச்சுட்டீங்களாமே" என்றாள். மாப்பிள்ளை சொல்லியிருப்பார். "வண்டி சரியாயிடுச்சும்மா" என்றேன். "அப்ப நீங்களே ஓட்டுங்க. நான் சொன்னது தப்புதான்."

கையைப் பற்றி நீ சொன்னது தப்பில்லை என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் பிடித்தது.

மார்ச் 18, புதன்

மகள் ஓட்டினாள். நானும் இவளும் பின்சீட்டில். எத்தனை வேகத்தடை என்று எண்ணிக்கொண்டே போனேன். பதினொன்றுக்குமேல் எண்ணவில்லை, இவள் தூங்கிவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு வண்டியில் தூங்கியது இதுதான் முதல் தடவை.

இவள் முதுகு நன்றாக ஆறிவருகிறது. அடுத்து, நரம்பு டாக்டரின் அறையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் காகிதத்தைத் தள்ளி ஒரு சுருள் வரையச் சொன்னார். கரும்பலகையில் கவராயம் இல்லாமல் வட்டம் போட்டவன் நான். சுருளின் கோடு அலையலையாக வந்தது. சின்ன மாத்திரை, பாதி பாதியாக. மூன்று மாதம் ஓட்ட வேண்டாம், பிறகு பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்து இவள்தான் மாத்திரையை உடைத்துக் கொடுத்தாள். சாய்வாக உடைந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போட்டுக்குங்க" என்றாள். "உங்களுக்கும் ஒரு ஆப்பு."